சாக்பீஸை அவர்களிடம் கொடுத்த வருடம்

அக்கவுண்ட்ஸ் சொல்லிக்கொடுப்பவர்களுக்கென்று ஒரு தலையெழுத்து உண்டு: எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மொய் எழுத நம்மைத்தான் உட்காரவைப்பார்கள், பந்திக்கு நம்மைத்தான் கடைசியாகக் கூப்பிடுவார்கள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போய், ரசம் மட்டும் மிஞ்சியிருக்கும் பந்தியில் உட்கார்ந்து எழுந்து வந்த சக ஆசிரியைகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் திருவண்ணாமலையில் ஒரு கல்லூரியில் பி.காம். பிள்ளைகளுக்குக் கணக்குப்பதிவியல் நடத்துகிறேன். கலசப்பாக்கம், செங்கம், தண்டராம்பட்டு என்று சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து பஸ் பிடித்து வரும் பிள்ளைகள். பல வீடுகளில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் இவர்கள்தான். கணக்கு நன்றாகவே போடுவார்கள். ஆனால் ஒவ்வொரு வருடமும் சென்னையிலிருந்து கம்பெனிக்காரர்கள் நேர்முகத் தேர்வுக்கு வருவார்கள், எங்கள் பிள்ளைகள் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், வந்தவர்கள் டீ குடித்துவிட்டு வெறுங்கையோடு போய்விடுவார்கள். எனக்கு வயிறு எரியும். இந்த பேட்ச் வெளியே போவதற்குள் ஒரு பிள்ளையாவது தன் வாயைத் திறந்து தனக்காகப் பேசிவிட வேண்டும் என்று போன வருடம் மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன். அதில் நான் பட்ட பாடுதான் கீழே வருவது.

எல்லோருக்கும் புரிந்த பாடம்

எங்கள் வகுப்பில் "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "புரிஞ்சுது மேம்" என்று கோரஸாகப் பதில் வரும். கோயில் மணி அடித்தால் கைகள் தன்னால் கும்பிடப் போகிற மாதிரி, இதுவும் தன்னால் வரும். ஒரு நாள் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வகுப்புக்குள் நுழைந்தேன், வருகைப் பதிவு எடுத்தேன், போர்டில் ஒரு எழுத்துகூட எழுதாமல் திரும்பி நின்று "புரிஞ்சுதா?" என்றேன். "புரிஞ்சுது மேம்!" என்றது மொத்த வகுப்பும்.

முதல் பெஞ்சில் பவித்ரா இருந்தாள். கலசப்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், விவசாயக் குடும்பம். வகுப்பிலேயே நன்றாகப் படிக்கும் பெண், வகுப்பிலேயே மெல்லிய குரல். அவளை எழுப்பி, என்னம்மா புரிந்தது என்று கேட்டேன். நீங்கள் நடத்தியது என்றாள். நான்தான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே என்றேன். என் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது என்று அவள் தேடுவது முகத்திலேயே தெரிந்தது.

"நீங்க நடத்துனா புரிஞ்சிடும் மேம்."

டேலி ஆன அதிசயம்

பேலன்ஸ் ஷீட்டின் இரண்டு பக்கமும் ஒரே தொகை வந்துவிட்டால் எங்கள் பிள்ளைகளுக்குப் பரம நிம்மதி. வரவில்லை என்றால் ஏதோ குற்றம் செய்த மாதிரி நோட்டைக் கையால் மறைத்துக்கொள்வார்கள். ஒரு முறை நான் தேர்வுக்குக் கொடுத்த கணக்கை, கடைசி வரி விழாமல் கல்லூரி ஆபீஸில் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். கடனாளிகள் என்ற அந்த வரி இல்லாமல், தலைகீழாக நின்றாலும் அந்தக் கணக்கு டேலி ஆகாது. விடைத்தாள்களைத் திருத்த உட்கார்ந்தபோதுதான் நானே கவனித்தேன். பாவம் பிள்ளைகள், என்ன செய்தார்களோ என்று திருப்பிப் பார்த்தால், ஒரு தாள் விடாமல் எல்லாம் டேலி!

ஒருவன் நாற்காலி மேஜையின் மதிப்பை ஏற்றியிருந்தான். ஒருத்தி 'இதர சொத்துகள்' என்று புதிதாக ஒன்றை உருவாக்கியிருந்தாள். பவித்ரா மட்டும் நேர்மையாகப் போட்டு, டேலி ஆகாத இடத்தில் பென்சிலால் மெல்லிசாக ஒரு கேள்விக்குறி வைத்து, அதையும் அழித்துவிட்டு, கையிருப்பு ரொக்கத்தைக் கூட்டியிருந்தாள். அழித்த தடம் தாளில் தெரிந்தது. மறுநாள் வகுப்பில், கேள்வியே தப்பு என்று ஒருவருக்குக்கூட என்னிடம் வந்து சொல்லத் தோன்றவில்லையா என்று கத்தினேன். அந்த வகுப்பின் பெரிய வாயாடி தினேஷ். அவனே தயங்கித் தயங்கித்தான் எழுந்தான்.

"டேலி ஆகலன்னா தப்பு எங்க மேலதான மேம் இருக்கும்?"

யார் இவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தார்கள்? புத்தகத்தில் இருப்பது சரி, போர்டில் இருப்பது சரி, மேம் சொல்வது சரி, மிச்சமிருப்பது நாம்தான், ஆகவே தப்பு நாம்தான் என்று பள்ளிக்கூடத்திலிருந்தே பழகி வருகிறார்கள். அன்றைக்கே சாக்பீஸை மேஜைமேல் வைத்துவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். இனிமேல் போர்டில் நீங்கள்தான் போட வேண்டும், சரி, தப்பு என்று நான் சொல்ல மாட்டேன், ஏன் என்று மட்டும்தான் கேட்பேன் என்றேன். வகுப்பே என்னை, உடம்பு சரியில்லாதவளைப் பார்ப்பதுபோல் பார்த்தது.

சாக்பீஸின் பயணம்

எங்கள் ஊர்ப் பக்கத்துக் கல்லூரிகளைத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பையன்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் ஒரு பாதை. பையன் கையிலிருந்து பெண் சாக்பீஸ் வாங்க மாட்டாள். அவன் மேஜைமேல் வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார வேண்டும், அதற்குப் பிறகு இவள் எழுந்து துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு வந்து எடுப்பாள். பாதி பீரியட் இந்தப் போக்குவரத்திலேயே போய்விடும்.

தினேஷ்தான் முதலில் துணிந்து போர்டுக்குப் போனான். மூன்றாவது வரியிலேயே தப்பு. பவித்ரா பக்கத்துப் பெண்ணின் காதில் ஏதோ முணுமுணுத்தாள். சத்தமாகச் சொல் என்றேன். தலையைக் குனிந்துகொண்டாள். தப்பு என்று தெரிகிறதல்லவா, பிறகு என்ன தயக்கம் என்று கேட்டதற்கு, குனிந்த தலை நிமிராமலே பதில் வந்தது.

"எழுதறவங்க மனசு கஷ்டப்படும் மேம்."

பௌர்ணமிக்கு மறுநாள்

பௌர்ணமி அன்று வகுப்பில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். ஊரெல்லாம் கிரிவலக் கூட்டம், பஸ் ஊருக்குள் வராது, பல பிள்ளைகளின் வீட்டில் அன்றைக்குத்தான் வியாபாரம். தினேஷின் அம்மா கிரிவலப் பாதையில் இளநீர் விற்பவர். மறுநாள் அவன் கண் சிவந்து வந்து உட்கார்ந்திருந்தான். பாடம், கையிருப்புச் சரக்கை எப்படி மதிப்பிடுவது என்பது. வாங்கிய விலை, சந்தை விலை, இரண்டில் எது கம்மியோ அதைத்தான் எடுக்க வேண்டும் என்கிறது புத்தகம். அதில் வருவதெல்லாம் மும்பையில் இருக்கும் ஏதோ ஒரு கம்பெனி. எங்கள் பிள்ளைகளுக்கு மும்பையும் தெரியாது, அந்த முதலாளியையும் தெரியாது. அதனால் மும்பையை விட்டுவிட்டு, உன் கடையில் நேற்று மிஞ்சிய இளநீருக்கு என்ன மதிப்பு என்று தினேஷைக் கேட்டேன்.

"மறுநாள் காலைல யாரு மேம் சீண்டுவாங்க? வாங்குன வெலைல பாதி போட்டாலே ஜாஸ்தி" என்றான். சொல்லிவிட்டு, சொன்னது தான்தானா என்பதுபோல் திகைத்து நின்றான். பிறகு புத்தகத்தைத் திருப்பி அந்த விதியை மறுபடி படித்தான். முகம் மலர்ந்தது பாருங்கள், அதைப் பார்க்கத்தான் நாமெல்லாம் இந்த வேலைக்கு வந்தோம்.

"எங்கம்மா பண்றதைத்தான் மேம் புக்ல போட்டு வெச்சிருக்காங்க!"

மாட்டுக்குத் தேய்மானம்

அதிலிருந்து ஆளாளுக்கு வீட்டுக் கணக்கைக் கொண்டுவர ஆரம்பித்துவிட்டார்கள். பூக்கடை வந்தது, ஆட்டோ வந்தது, ஒரு நாள் பவித்ரா வீட்டுக் கறவை மாடுகள் வந்தன. மாடு சொத்துதானே, சொத்து என்றால் வருடா வருடம் தேய்மானம் கழிக்க வேண்டும் என்று தினேஷ் போர்டில் 'மாடு' என்று எழுதி, அதற்குக் கீழே 'கழிக்க: தேய்மானம்' என்று அழகாக அடிக்கோடு போட்டான். மாடு என்ன மோட்டாரா என்று ஒரு பக்கம் சத்தம். வயதானால் விலை குறையத்தானே செய்யும் என்று இன்னொரு பக்கம். கன்றுக்குட்டியை எந்தப் பக்கம் எழுதுவது என்று நடுவில் ஒரு குழப்பம். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து "ஏன்? ஏன்?" என்று எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

திடீரென்று முதல் பெஞ்சிலிருந்து பவித்ரா எழுந்தாள். நேராகப் போர்டுக்குப் போனாள். தினேஷ் வழக்கம்போல் சாக்பீஸை மேஜைமேல் வைக்கப் போனான். அதற்குள் அவன் கையிலிருந்தே அதைப் பிடுங்கினாள். அவன் எழுதியதைக் குறுக்கே ஒரே கோடாக அடித்தாள். மூன்று வருடத்தில் அந்தப் பெண்ணின் உண்மையான குரலை அன்றுதான் கேட்டோம். அது ஒன்றும் மெல்லிய குரல் இல்லை.

"முத ஈத்தைவிட ரெண்டாம் ஈத்துலதான்டா பால் ஜாஸ்தி! ஏறற வெலையப் போயி எறக்கிட்டு நிக்கிற!"

துறைத் தலைவரின் அனுமதி

இந்தச் சத்தம் துறைத் தலைவர் காதுக்குப் போகாமல் இருக்குமா? நல்ல மனிதர். வெள்ளைச் சட்டை கசங்காமல் வருவார், பழைய நோட்ஸை வரி மாறாமல் சொல்வார், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். அவர் வகுப்பில் ஃபேன் சுற்றும் சத்தம்கூடக் கேட்கும். அவர் வாசலில் வந்து நின்றதும் என் வகுப்பு மொத்தமும் எழுந்து நின்று ஊமையாகிவிட்டது. நான் எழுந்து விஷயத்தை விளக்கினேன். வந்து என் பக்கத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். "நடத்துங்க, பாப்போம்" என்றார்.

மெல்ல மெல்லக் குரல்கள் திரும்பின. கன்றுக்குட்டி விவகாரம் மறுபடி கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் பார்க்கிறேன், அவரும் எழுந்து நின்று, பசு ஈன்றது வருமானம்தான் என்று தினேஷோடு மல்லுக்கு நிற்கிறார்! மணி அடித்த பிறகுதான் தான் துறைத் தலைவர் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்.

"சத்தம் போடட்டும் மேடம், பரவால்ல. ஆனா பிரின்சிபால் ரவுண்ட்ஸ் வர்றப்ப மட்டும் புரிஞ்ச மாதிரி உக்காரச் சொல்லுங்க."

கேள்வி கேட்ட பெண்

சென்னைக் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். நான் வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தேன். சொந்தப் பெண்ணைப் பெண் பார்க்க வந்த நாளில்கூட எந்தத் தாயும் இப்படித் தவித்திருக்க மாட்டாள். தினேஷ் உள்ளே போய், வாயாடித்தனம் எல்லாம் வற்றிப்போய் வெளியே வந்தான். பவித்ரா போனாள். நேரம் ஆகிக்கொண்டே இருந்தது.

வெளியே வந்தவளைப் பிடித்து விசாரித்தேன். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாளாம். கடைசியில், ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்களாம். இந்த வேலையில் சேர்ந்தால் ஒரு கம்பெனியின் கணக்கை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை நான் முடிக்க எப்போது விடுவீர்கள் என்று கேட்டிருக்கிறாள். பில்களைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது மட்டும்தான் உன் வேலை, கணக்கு முடிப்பது எல்லாம் வேறு ஆட்கள் என்று சொன்னார்களாம். அட பாவி, இப்படியெல்லாமா கேட்பார்கள், வேலை போச்சு என்று தலையில் கையை வைத்துக்கொண்டேன். ஆனால் எங்கள் துறையிலிருந்து முதன்முதலாகத் தேர்வான ஒரே ஆள் அவள்தான். தேர்வு செய்ய வந்தவர் போகும்போது என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

"மத்தவங்க பதில் மட்டும்தான் சொன்னாங்க மேடம். இந்தப் பொண்ணுதான் எங்களையே இன்டர்வியூ பண்ணிச்சு."

பேனரும் மல்லாட்டையும்

இரண்டே நாளில் கல்லூரி வாசலில் ஃப்ளெக்ஸ் பேனர் எழுந்தது. தாளாளர், பிரின்சிபால், துறைத் தலைவர் எல்லோரும் பெரிது பெரிதாக. பவித்ரா அவர்களுக்கு நடுவில் சின்னதாக. ஓரத்தில் தபால்தலை அளவுக்கு நானும் இருந்தேன். தினமும் ஸ்கூட்டியை அந்த இடத்தில் கொஞ்சம் மெதுவாக ஓட்டினேன் என்பதை மறைப்பானேன்.

அந்த வாரமே பவித்ராவின் அப்பா என்னைப் பார்க்க ஆசிரியர் அறைக்கு வந்தார். பை நிறைய வேர்க்கடலை. எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். மகளும் கூட வந்து பீரோ ஓரமாக நின்றாள். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார். "மெட்ராசுல நமக்கு யாரும் இல்ல மேடம். பொட்டப் புள்ளைய எப்படித் தனியா அனுப்பறது? நான் சொன்னா மூஞ்சியத் தூக்கி வெச்சிக்குவா. வேணாம்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா கேட்டுக்குவா. மேடம் பேச்சுன்னா அவளுக்கு வேதம்."

விடுவேனா? அந்த வேதத்தை எடுத்து அவர்மேலேயே திருப்பினேன். ஹாஸ்டல் பாதுகாப்பு, ரயில் வசதி, காலம் மாறிவிட்டது, இப்படி ஒரு வாய்ப்பு திரும்ப வராது என்று மூச்சுவிடாமல் பேசினேன். அவர் ஒன்று சொல்ல, நான் ஒன்று சொல்ல, சந்தையில் பேரம் மாதிரி போனது. கடைசியில் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க இவ்ளோ சொல்றப்ப நான் இன்னா சொல்லப்போறேன், அனுப்பிடறேன் மேடம்" என்றார். ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் நான் நாற்காலியில் சாய்ந்தேன். அப்போது பீரோ ஓரத்திலிருந்து குரல் வந்தது.

"ரெண்டு பேரும் பேசி முடிச்சிட்டீங்களா? இப்ப நான் பேசலாமா மேம்?"

பவித்ராவின் கணக்கு

நாங்கள் இரண்டு பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தோம். அத்தனை நேரம் அவள் வாழ்க்கையை அவளை நிற்கவைத்துக்கொண்டே பங்கு போட்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் குரலை உயர்த்தவில்லை. நிதானமாகச் சொன்னாள்.

"நான் மெட்ராசுக்குப் போகல மேம். அங்க வருஷம் பூரா பில் ஏத்தற வேலைதான்னு அவங்களே சொல்லிட்டாங்க. எனக்குக் கணக்கை முழுசா முடிக்கணும். இங்கயே வேங்கிக்கால்ல கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு ஆடிட்டர் ஆபீஸ் இருக்கு. நானே போய்க் கேட்டேன். முதல்லருந்து கடைசி வரைக்கும் கத்துக்குடுக்கறேன்னு சொன்னாங்க. சம்பளம் கம்மிதான். அங்க இருந்துகிட்டே ஆடிட்டர் பரீட்சைக்குப் படிப்பேன்."

அவள் அப்பாவின் முகத்தில் சூரியன் உதித்தது. "அதான பாத்தேன், எம் பொண்ணு!" என்று ஆரம்பித்தவரை அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். "ஊர்லயே இருக்கறாளேன்னு ஜாதகத்தத் தூக்கினு கெளம்பாதப்பா. பரீட்சை முடியற வரைக்கும் அந்தப் பேச்சே வேணாம். வேலை முடிஞ்சு சாயங்காலம் பஸ்ல வர லேட்டாவும், அதுக்கும் திட்டக் கூடாது." உதித்த சூரியன் அப்படியே மலைக்குப் பின்னால் போய்விட்டது.

எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், நல்ல கோபம். வாசலில் பேனர் தொங்குகிறது. துறைத் தலைவர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். முதன்முதலாக எங்கள் துறைக்குக் கிடைத்த பெயர். எல்லாவற்றுக்கும் மேல், அந்த மனிதரிடம் இப்போதுதான் தொண்டை வறள வாதாடி ஜெயித்திருக்கிறேன்! "பவித்ரா, நான் சொல்றேன், உன் நல்லதுக்குத்தான் சொல்றேன், பேசாமப் போ" என்றேன். 'பேசாமப் போ' என்றது சாட்சாத் நான்தான். அவள் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை ஒரு துளியும் குறையவில்லை. பயம் மட்டும்தான் இல்லை. "நீங்க சொல்றீங்கன்னு போயிட்டேன்னு வைங்க மேம், புடிக்காத வேலைல தினமும் உக்காரப்போறது நான்தான? ஏன் போகணும், நீங்களே சொல்லுங்க" என்றாள்.

கடைசி பெஞ்சிலிருந்து நான் கேட்ட 'ஏன்' என்னிடமே திரும்பி வந்துவிட்டது. அவள் அப்பா என்னையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்ன தோன்றியதோ, தோற்றுப்போன ஆளின் தோளில் இன்னொரு தோற்ற ஆள் கை போடுவதுபோல், மல்லாட்டைப் பையை என் பக்கம் நகர்த்திவைத்துவிட்டுச் சிரித்தார்.

"இப்படிப் பேச எங்க வூட்ல யாரும் கத்துக்குடுக்கல மேடம். நீங்கதான் கத்துக்குடுத்தீங்க, நீங்களே பதில் சொல்லுங்க."

ஆக, பிள்ளைகளை எப்படியாவது பேசவைத்துவிட வேண்டும் என்று துடிக்கும் சக ஆசிரியப் பெருமக்களே, அவர்கள் முதன்முதலாக 'மாட்டேன்' என்று சொல்லப்போவது நம்மிடம்தான் என்பதால், பேனர் அடிக்கக் கொடுப்பதற்கு முன்னால் அவர்களை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.